பிஜூவுக்குப் போடாத ஊசி

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு லூசியா அக்கா குடும்பத்தோடு பிரான்சுக்குப் புறப்பட்டபோது, தன் நாய் பிஜூவை என்னிடம் விட்டுச் சென்றார். "வெறிநாய் ஊசியெல்லாம் போட்டாச்சு, பயப்படாத" என்றார்.

மூன்றாம் வாரம் பிஜூ என் மகளைக் கடித்துவிட்டது. அக்கா பிஜூவைக் காட்டிவந்த கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

"ஏதும்மா ஊசி? ஊசி போட்டு ஒரு மாசம் ஆனாத்தான் பிரான்சுல நாய உள்ள விடுவாங்கன்னு அவங்ககிட்ட சொன்னேன். கிளம்ப அவ்வளவு நாள் இல்லன்னு ஊசி போடாமலே போயிட்டாங்க."

தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறார்! மகளுக்குத் தொப்புளைச் சுற்றித் தினம் ஒரு ஊசி. நாய்க்கு வெறியில்லை என்று பத்தாம் நாள் உறுதியான பிறகுதான் நிறுத்தினார்கள்.

பிஜூ நலமா என்று அக்கா கடிதம் போட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. இப்போதெல்லாம் யார் நாய் கொடுத்தாலும், ஊசிச் சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குகிறேன்.