அவ நிக்கட்டும்

ஆகக் குறைந்த சம்பளத்தைக் கூட்டப்போகிறார்கள் என்று டிவியில் சொன்ன அன்று நான் ரோல்ஸ் பொரித்தேன். நானும் என் மனுசனும் லண்டனில், நோர்பரியில் ஒரே பெற்றோல் ஸ்டேஷனில் டில்லில் நின்று காசு வாங்குகிறவர்கள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சம்பளம் கூடுகிறது என்றால் சந்தோஷப்படாமல் என்ன செய்வது? முதலாளிக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கியிருக்குமா என்று நான் யோசிக்கவில்லை.

முதலாளி எங்களைவிட வயது குறைந்தவன். யாழ்ப்பாணத்துப் பொடியன். எங்களை அக்கா, அண்ணை என்றுதான் கூப்பிடுவான். மகளின் இங்கிலிஷ் படிப்புக்காக ஜெர்மனியை விட்டு இங்கே வந்து இறங்கியபோது வேலை தந்தவனும் அவன்தான். ஏப்ரலில் கூட்டின சம்பளம் வந்தது. அதோடு சேர்ந்து, ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுகிற இன்சூரன்ஸ் காசும் கூடியது. கார்க்காரர்களும் வெளியே பம்பிலேயே கார்டைத் தட்டிவிட்டுப் போகப் பழகிவிட்டார்கள். கடைக்குள் வருவது பாலுக்கும் சிகரெட்டுக்கும்தான்.

ஒரு பின்னேரம் எங்கள் இரண்டு பேரையும் ஸ்டோர் அறைக்குக் கூப்பிட்டான்.

“அக்கா, அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ரெண்டு பேரையும் வச்சிருக்க எனக்கு ஏலாது. ஒராள்தான். ஆர் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நீங்களே வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.”

பாம்பும் சாகக்கூடாது, தடியும் முறியக்கூடாது. அக்கா என்று கூப்பிட்டுப் பழகின வாயால் உனக்கு வேலையில்லை என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. தடியைத் தூக்கி எங்கள் கையில் தந்துவிட்டான்.

வீட்டில் கதைத்தோமா? கதைத்தோம், மீன் நல்ல மீனா என்று. பொய்லர் சத்தம் போடுவதைப் பற்றியும் கதைத்தோம். மகள் மட்டும், “ஆளுக்குப் பாதி ஷிப்ட் கேட்டுப் பாருங்கோவன் அம்மா,” என்றாள். “நீ உன்ர படிப்பைப் பார்,” என்றார் தகப்பன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

எனக்கு அந்த வேலை வேண்டும். அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஜெர்மனியில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினேன். ஆட்கள் போன பிறகுதான் நான் உள்ளே போவேன். நாள் முழுக்க ஒரு குரல் கேட்காது. இங்கே டில்லில் நின்றால் பஸ் சாரதியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் “ஹலோ ஆன்டி” என்பார்கள். யாராவது ஏசினால் திருப்பி நன்றாக ஏசுவேன், அதுவும் எனக்குப் பிடிக்கும். அவருக்கோ அந்த வேலை கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் கோயிலில் ஆம்பிளைகள் கண்டவுடன் கேட்கிற முதல் கேள்வி, “இப்ப எங்க வேலை?” என்பதுதான். என்னிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. என்ன சமைச்சனீர் என்றுதான் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஹோலில் முதலாளியோடு போனில் கதைப்பது கேட்டது.

“ஓம் தம்பி… ஓம், கதைச்சனாங்கள்… அவ நிக்கட்டும்.”

கதைச்சனாங்களாம்! பொய்தான், ஆனால் அந்தப் பொய்யை மன்னித்தேன். எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் அல்லவா. அன்று அவருக்கு மீனில் நடுத்துண்டு போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. செய்த நன்மையைக் கிண்டிக் கேட்டால் கூச்சப்படுகிற மனுசன்.

அடுத்த கிழமை என் ஷிப்ட் முடிகிற நேரம் முதலாளி ஒரு கேக்கோடும் பூங்கொத்தோடும் வந்தான். பூங்கொத்து எங்கள் கடை வாசலில் வாளியில் வைத்து விற்கிற பூ. காலையில் நான்தான் அதற்குத் தண்ணீர் மாற்றினேன்.

“அக்கா, நீங்கள் நிக்கப்போறியள் எண்டு அண்ணை சொன்னவர். எனக்குச் சரியான கவலை. எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ, உங்கட கடைதானே.”

வேலையில் நிற்பதும் நிற்பதுதான், வேலையால் நிற்பதும் நிற்பதுதான். தொடர்வதற்கும் விடுவதற்கும் எங்கள் ஆட்களின் வாயில் ஒரே சொல். அவர் ஒன்றைச் சொல்ல இவன் மற்றதை விளங்கிக்கொண்டானா? கேக்கை வெட்டினேன், நின்றவர்களுக்குக் கொடுத்தேன், “தாங்க்ஸ் தம்பி” என்றேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, முழுக்க அப்படி இருந்தேன்.

வீட்டுக்கு வந்து பூவை மேசையில் வைத்தேன்.

“இஞ்சருங்கோ, அவனுக்கு என்ன சொன்னனீங்கள்?”

“அவ வேலையில நிக்கட்டும் எண்டு சொன்னனான். ஏன்?”

“நான் வேலையை விடுறன் எண்டு நினைச்சு அவன் கேக் வெட்டி அனுப்பிப்போட்டான்.”

“அட கோதாரி!” என்று எழும்பினார். உண்மையாகவே திடுக்கிட்டுத்தான் போனார். அந்த முகத்தை எனக்குத் தெரியும், அதில் கள்ளம் இல்லை.

“அப்ப இப்பவே போன் அடிச்சுச் சொல்லுங்கோ.”

போனை எடுத்தார். முதலாளியின் பெயரைத் தேடிப் பிடித்தார். பிடித்தபின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப அவன் சாப்பிடுற நேரம்,” என்றார். “நாளைக்கு வேலைக்குப் போய் நேரில சொல்லுறன்.”

நேரில் சொல்வதென்றால் வேலைக்குப் போகத்தானே வேண்டும். போனார். இன்னும் போகிறார். நான் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன்.