புலி வருஷத்துப் பெண்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அபயாம்பாள் ஆன்ட்டியைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார்கள். அச்சு அசல் சீன முகம். நெற்றி நிறைய விபூதி. "தமிழ் பேசுவீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மலாயாவில், ஈப்போ ஈயச் சுரங்கத்துச் சீனக் கூலி ஒருவரின் மகள் அவள். பிறந்தது 1950, சீனர்களுக்குப் புலி வருஷம். அதில் பிறக்கும் பெண் வீட்டுக்கு ஆகாதாம். என்ன கண்றாவியோ! ரயில்வேயில் இருந்த வாஞ்சிநாதன் கைக்குழந்தையாகத் தூக்கிவந்து வளர்த்தார். அங்கே எத்தனையோ தமிழ் வீடுகளில் இப்படிச் சீனப் பெண்கள் வளர்ந்தார்கள்.

அபயாம்பாளின் எழுபத்தைந்தாவது வயதில் மகள் விஷாகா பிடிவாதமாக டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கவைத்தாள். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில், ஓர் அண்ணன் இருப்பது தெரிந்தது. ஆ கியோங், வயது எண்பத்து மூன்று. ஃப்ளைட்டில் அபயாம்பாள் கண்ணே மூடவில்லை. பெத்தவ என்னை ஒருநாளாவது தேடினாளா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

அண்ணனுக்குத் தமிழ் வராது, தங்கைக்குச் சீனம் வராது. ஆனால் ஈப்போ கடைத்தெரு மலாய் இருவருக்கும் மறக்கவில்லையே! பக்கத்தில் இருந்த விஷாகாதான் திருதிருவென்று விழித்தாள்.

"அப்பாவைச் சீனாவிலேர்ந்து ஏஜெண்ட் பிடிச்சிட்டு வந்தான்," என்றார் ஆ கியோங். "வெள்ளைக்காரன் சுரங்கத்துல மூணே வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிடலாம்னு சொல்லிக் கைநாட்டு வாங்கினானாம். இருபது வருஷம் சேத்துத் தண்ணியில நின்னார். நீ பிறந்த மாசம் மண் சரிஞ்சு மூடிடுச்சு. பழியை உன்மேல போட்டாங்க."

"அம்மா?"

"காலையில அதே சுரங்கத்து ஓடையில ஈயம் அரிப்பா. சாயங்காலம் டோஃபு விப்பா. முதல்ல உங்க தெருவுக்குத்தான் வருவா. உன்னைப் பார்க்கணும்ல?"

அபயாம்பாளுக்குச் சின்ன வயது நினைவு வந்தது. அந்த டோஃபுக்காரி! அவள் பேசுவதைப் பழித்துக் காட்டி இவள் எப்படியெல்லாம் சிரித்திருக்கிறாள், பாவி. ஒருநாள் அந்தப் பொம்பளை இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "சீனத்தி என்னைப் பிடிச்சு இழுக்கிறா!" என்று இவள் அலற, வாஞ்சிநாதன் தெருமுனைவரை அவளைத் துரத்திவிட்டு வந்தார்.

"என்னமோ, திடீர்னு அந்தத் தெருவுக்கே போறதை நிறுத்திட்டா," என்றார் அண்ணன். "சாகிறவரைக்கும் ஏன்னு சொல்லலை. உனக்குத் தெரியுமா?"

அபயாம்பாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியாது," என்றாள்.