ஒன்பது பட்டை வில்

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனைத் தனியாகக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். வெற்றிலை பாக்கு வாங்கலாம், தீப்பெட்டி வாங்கலாம். அதற்குமேல் எது வாங்கினாலும் துணைக்கு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ஏமாந்துவிடுவானாம். ஆள் கூடிப் போய் ஏமாந்த கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

அப்போது நான் ஏரலில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கம் ரயில் வராத காலம். பாளையங்கோட்டைக்குப் போவதென்றால் வில்வண்டிதான், வழியில் தங்கி இரண்டு நாள். முந்தின வருஷம் தலைப்பிரசவத்துக்கு என் மனைவியை அங்கே அவள் தாய்வீட்டுக்கு எங்கள் வண்டியில்தான் கூட்டிப்போனேன். ஒரு வாய்க்கால் மதகில் சக்கரம் இறங்கி ஏறியபோது, குலுக்கல் தெரியாமலிருக்க வண்டிக்கு அடியில் இரும்புப் பட்டைகளை அடுக்கி மாட்டிய வில்லில் ஒரு பட்டை முறிந்தது. மறுநாளே வலி கண்டு, பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. குலுக்கல்தான் காரணம் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டேன். இப்போது அவளுக்கு மறுபடியும் ஒன்பதாம் மாதம், பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நல்ல வில் போடாமல் அவளை வண்டியில் ஏற்றுவதில்லை என்றிருந்தேன்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னதுதான் தப்பு.

"நீ வாத்தியாரு. வில்லப் பத்தி ஒனக்கு என்னலே தெரியும்?" என்று கிளம்பிவிட்டார். அக்காள் புருஷனான அத்தானும் துண்டை உதறித் தோளில் போட்டார். மூன்று பேராகப் போகக் கூடாது என்று எங்கள் வேதக்கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியாரையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரி மூடநம்பிக்கையை ஞாயிறுதோறும் கண்டிக்கிறவர் அவர்தான். முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

ஸ்ரீவைகுண்டத்து வண்டிப்பட்டறையில் ஆசாரி இரண்டு ஜோடி வில்லை எடுத்துப் போட்டார். ஒன்று ஐந்து பட்டை, மெலிசு. மற்றது ஒன்பது பட்டை, நல்ல தடிமன். அத்தான் இரண்டையும் காலால் உதைத்துப் பார்த்தார். பெரியப்பா விரலால் சுண்டி ஓசை கேட்டார், தேங்காய் வாங்க வந்தவர்போல. உபதேசியார் தூக்கிப் பார்த்து, கனமானதே உத்தமம் என்று தீர்ப்புச் சொன்னார்.

"வண்டில எத்தன பேரு போவிய?" என்று ஆசாரி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா, "இந்தா நிக்கோம்லா, எண்ணிக்கிடும்" என்றார்.

"அதுக்கில்ல அண்ணாச்சி, பாரத்துக்குத் தக்கன..."

"பாரமெல்லாம் தாங்கும்வே. நீரு மாட்டும்."

மாட்டியதும் நாலு பேரும் ஏறி ஊரைச் சுற்றி வந்தோம். வண்டி தொட்டில்போலப் போயிற்று. எனக்கும் சந்தோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியை மட்டும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டினேன். வழியில் கிடந்த ஒரு சின்னக் கல்லுக்கே வண்டி அவளைத் தூக்கிப் போட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டுங்க" என்றாள். மீதி வழியை நடந்தே வந்தாள். ஆசாரி சொல்லவந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு ஆண்பிள்ளைகளின் பாரத்துக்கு வளைகிற இரும்பு, ஒரு ஒல்லிப் பெண்ணுக்கு எங்கே வளையப் போகிறது?

பட்டறைக்கு ஓடினேன். ஐந்து பட்டை ஜோடியைத் திசையன்விளைக்காரர் ஒருவர் கொண்டுபோய்விட்டார். வேறு வர ஒரு மாதம் ஆகும் என்றார் ஆசாரி. பிள்ளை ஒரு மாதம் பொறுக்குமா? பெரியப்பாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். "புது வில்லு அப்பிடித்தாம்லே இருக்கும். பழகப் பழகச் சரியாவும்" என்று அவர் வெற்றிலையை மடித்தார். அத்தானோ மாட்டைக் குறை சொன்னார். உபதேசியார் ஜெபிப்போம் என்றார். மூன்று பேரையும் தாமிரபரணியில் தள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து நான் புலம்பியதையெல்லாம் என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்பிடிச் சாடிக் குதிக்கிய? அன்னைக்கு அவுகள ஏத்தித்தான பாத்திய. அவுகளையே ஏத்துங்க" என்றாள்.

அப்படித்தான் போனோம். எனக்குப் பக்கத்தில் பெரியப்பா. பின்னால் காலைத் தொங்கப் போட்டு அத்தானும் உபதேசியாரும். நடுவில் வைக்கோல் மெத்தையில் அவள். வண்டி தொட்டில்போலப் போயிற்று. "பாத்தியாலே, நாங்க எடுத்த வில்ல" என்று ஊருக்கு ஊர் பெரியப்பா கேட்டார். எதிர்ப்பட்ட வண்டிக்காரர்களுக்கெல்லாம் பட்டைக் கணக்கு சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

இரண்டாம் நாள் காலையில் பட்டை முறிந்த அந்த மதகு வந்தது. நான் யாரிடமும் அதைக் காட்டவில்லை. ஆனால் பெரியப்பா பேச்சை நிறுத்தினார். பின்னாலிருந்தவர்கள் தொங்கிய காலை மடக்கி உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார்கள். "பைய ஓட்டுலே, பைய" என்று சொல்லிப் பெரியப்பா பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார், தன் பாரம் போதாது என்பதுபோல. சக்கரம் இறங்கி ஏறியது. அவள், "ஒண்ணுமில்ல, போங்க" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து மகள் பிறந்தாள். அழுகைச் சத்தம் கேட்டபோது மூன்று பேரும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில்தான் இருந்தார்கள், ஊருக்கே திரும்பவில்லை. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒம்போது பட்டைலா" என்றார்.

அவரிடம் சொல்ல நாக்கு நுனியில் எவ்வளவோ வைத்திருந்தேன். "ஆமா பெரியப்பா" என்று மட்டும் சொன்னேன்.