கருப்பு ஏறாத தேவதை

எங்கள் வீட்டுக்குத் தேவதை முதலில் மஞ்சளாகத்தான் வந்தாள். அப்பாவுக்குச் சிவகாசி அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிற வேலை. நாட்டுப்புறத் தேவதைக் கதைகளைப் படக்கதைத் தொகுப்பாகப் போட ஆர்டர் வந்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரே கலர் ஓடுகிற மிஷின் அது. இன்றைக்கு மஞ்சள், நாளைக்குச் சிவப்பு, அப்புறம் நீலம். எழுத்து கருப்பில்தான் வரும், அது கடைசி. வேஸ்ட் தாள்களை அப்பா எனக்காக எடுத்துவருவார். மஞ்சள் மட்டும் விழுந்த தாளில் மூக்கும் முழியும் இல்லாமல் ஒரு வெளிச்சம் மிதக்கும். சிவப்பு ஏறியதும் உதடு வரும். நீலம் விழுந்த அன்று வானமே வீட்டுக்குள் வந்துவிட்டது. சோறு தண்ணி மறந்து அதற்குள்ளேயே கிடந்தேன்.

அம்மா அப்போது வீட்டில் இல்லை. தாத்தாவுக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ளச் சாத்தூர் போயிருக்கிறாள் என்று அப்பா சொல்லியிருந்தார். தீபாவளி சீசனில் தொடங்கிய அந்தக் காய்ச்சல் பொங்கல் தாண்டியும் இறங்கவில்லை.

கருப்பு ஏறிய தாள் மட்டும் வரவேயில்லை. கேட்டால், கருப்பு மை தீர்ந்துபோச்சு என்றார். சிவகாசியில் மை தீர்ந்துபோச்சாம்! நானும் நம்பி, தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் நச்சரிப்பு தாங்காமல், வசனத்துக்காக வெள்ளையாக விட்டிருந்த இடங்களில் அப்பாவே பேனாவால் எழுதித் தந்தார். கடைசிப் படத்தில் கீழே தொட்டிலில் குழந்தை, மேலே தேவதை. ‘இந்தா வந்துட்டேன்’ என்று அவளுக்கு எழுதினார்.

“வாறவ ஏன்ப்பா மேல பாத்துப் பறக்கா?”

“இறங்குறவ தலகீழாவா வருவா, தாயி?”

அதுவும் சரிதான் என்று பட்டது.

புத்தகம் வெளிவந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தி கொண்டுவந்தாள். பறந்துபோய்விடாமல் இருக்கப் புருஷன் ஒளித்துவைத்த தன் பட்டுச்சேலையைக் கண்டெடுத்த தேவதை, அவனையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகிறாள் என்று போட்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. அச்சாபீஸ்காரர் வீட்டுப் பிள்ளைக்கு, அச்சில் வந்ததெல்லாம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு ஓடி, கம்பெனியில் தப்பாக அடித்துவிட்டார்கள், நம்ம தாள்தான் சரி, போய்க் காட்டுங்கள் என்று அப்பாவிடம் சண்டை பிடித்தேன்.

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா தாயி, போய்க் காட்டத்தான் செய்யணும்.”

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கத்தரித்து, சட்டைப்பையில் மடித்துவைத்துக்கொண்டு சாத்தூர் பஸ் ஏறினார். அச்சாபீஸ் இருப்பது சிவகாசியிலாயிற்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை. கசங்காமல் கொண்டுவர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எனக்கு அந்தத் தாள் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது.