நாடகத்து அப்பாவுக்குத் தலை குளித்த அன்று

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள். சின்ன வயதில் நாங்கள் தினமும் பார்த்த டிவி நாடகத்தில் அப்பாவாக நடித்தவர் இறந்துவிட்டாராம். முன்பின் தெரியாத ஆளுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாடகத்தில் அவர் ஆபீஸ் விட்டு வந்ததும் மகள்களிடம் "சாப்டியாம்மா" என்று கேட்பார். எங்கள் நைனா ஒரு நாளும் கேட்டதில்லை. நாடகத்தில் அந்த அப்பா மாரடைப்பில் செத்த அன்று, சொந்தத்தில் சாவு விழுந்த மாதிரி, அம்மா அடுப்பு பற்றவைக்கவில்லை. எங்கள் இருவரையும் தலை குளிக்க வைத்தாள். கழனியிலிருந்து வந்த நைனா எங்கள் ஈரத்தலையைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்றார். சொன்னோம். காலிச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதை நான் நினைவுபடுத்தியதும் போனில் அக்காவின் அழுகை நின்றது.

"அன்னிக்கி நைனாவ நாம யாராவது சாப்டியான்னு கேட்டோமாடி?"

கேட்கவில்லை. நைனா போய் ஆறு வருஷமாகிறது.