இடது கன்னத்து மச்சம்

சலூன்காரர் முப்பது வருடமாகக் கத்தி பிடித்தவர். ஒருவர் காதிலும் கீறல் விழுந்ததில்லை. இந்தக் கைக்கு மரம் அடங்காதா என்ற நினைப்பில்தான் மரச்செதுக்கில் இறங்கினார்.

முடி வெட்ட வந்த டிராயிங் வாத்தியார் ஒருநாள், பலகையில் செதுக்கி மை தடவிக் காகிதத்தில் ஒற்றியெடுத்த படமொன்றைக் காட்டினார். வாத்தியாருடைய அக்காவின் முகம். பார்த்ததும் சலூன்காரருக்குத் தன் மகள் ஞாபகம். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய் ஐந்து வருடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவாள். அம்மாவோடு ஒரு மணி நேரம் ஓடும். இவர் முறை வந்தால் போனைக் காதில் ஒட்டவைத்துக்கொள்வார்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

அவ்வளவுதான். கடையில் ஓயாமல் பேசுகிறவருக்கு மகள் குரல் கேட்டால் நாக்கு எழாது.

ஆள் வராத மதியங்களில் அவளுடைய பழைய போட்டோவைப் பார்த்துச் செதுக்கினார். முதல் அச்சை மனைவியிடம் நீட்டினார்.

"யாரு இது? நம்ம பொண்ணுக்கு மச்சம் இடது கன்னத்துலல்ல இருக்கு?"

ஒற்றியெடுத்தால் இடம் வலமாகும் என்பதை மறந்திருந்தார்.

"நாள் பூரா கண்ணாடி முன்னாடி நிக்கிற மனுஷனுக்கு இது தெரியலையா!" மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த பலகைக்குப் போட்டோவைக் கடைக் கண்ணாடியில் காட்டி, அதில் தெரிந்ததை வரைந்தார். அச்சில் மச்சம் இடது கன்னத்துக்கு வந்தது. ஆனால் செதுக்கும்போது உளி வழுக்கி மூக்கு நுனி தெறித்திருந்தது. முடியென்றால் பத்து நாளில் வளரும் என்று சமாளிக்கலாம். மரத்திடம் என்ன சொல்வது? மூன்றாவது பலகையில் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உளியை விட்டார். மையை அள்ளி அப்பியதில் கண்கள் அடைந்துபோயின. பலகையைத் துடைத்து, மெல்லப் பூசி, மறுபடி ஒற்றினார்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். "அவளேதான். ஆனா இது இங்கேருந்து போனப்ப இருந்த முகம். இப்ப மூக்குக்கண்ணாடி போடுறா, முடியக் குட்டையா வெட்டிக்கிட்டா."

அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவள் தலையில் அவருடையதைத் தவிர வேறு கத்தரி பட்டதில்லை.

அடுத்த ஞாயிறு போனை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கொஞ்ச நேரம் அசையாம உக்காரும்மா. உன்ன வரையணும்."

"என்னப்பா திடீர்னு?"

"பழைய போட்டோவ வச்சு செதுக்கினேன். நீ மாறிட்டே."

மகள் போனை எதிலோ சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் அவர் திரையைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பாதியில் அவள் கண் நிறைந்து வழிந்தது. அசையக் கூடாதென்று சொல்லியிருந்ததால் துடைக்காமலே இருந்தாள்.

"துடைச்சுக்கோம்மா. நான் நிறுத்திட்டேன்."

அந்தப் படத்தை வைத்துச் செதுக்கிய பலகையிலும் காதோரம் ஓரிடம் பிசகியது. மறுவாரம் மகளிடமே சொன்னார்.

"இன்னொரு தடவ உக்காரணும்மா."

"நேர்ல வந்தே உக்காரணும்னு இருக்குப்பா. லீவுதான் கிடைக்கல."

"பரவால்லம்மா. இப்ப கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு."

அவள் திரும்பினாள். அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.