மஞ்சள் தண்ணீரில் கழுவிய குப்பைமேனி

ராமதாஸின் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். மதுரையில் மகால் பக்கத்துத் தெருக்களில் அந்தப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் மனைவி வசுந்தரா காலமான பிறகு அந்தத் தெருவில் இருக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. வேலை பார்த்த கல்லூரிக்குப் பக்கமாக, திருப்பரங்குன்றத்தில் ஒற்றை அறை பிடித்து வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. காலையில் விளக்கேற்றிப் பெருமாள் படத்திடம் சொந்தப் பாஷையில் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவார். பெருமாளுக்கு எல்லாப் பாஷையும் தெரியும். பதில் சொல்லுகிற வழக்கம்தான் இல்லை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. ஒருநாள் குடுவை ஒன்று கைநழுவப் பார்த்தபோது பெருமாளைக் கூப்பிட்டுத் தன் பாஷையில் ஏதோ முனகினார். அந்த வருஷம் ஆராய்ச்சிக்கு வந்திருந்த பிருந்தா, அதே பாஷையில், "குடுவைய நீங்க பிடிச்சீங்களா, பெருமாள் பிடிச்சாரா?" என்று கேட்டாள். அவர் குடுவையை வைத்துவிட்டு, "எந்தத் தெரும்மா நீ?" என்று அதே பாஷையில் கேட்டார்.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு சேர்ந்துதான், பேச்சும் அந்தப் பாஷையில்தான். "என்னண்ணே, ரசத்துல தண்ணி ஊத்துனீங்களா, தண்ணியில ரசம் ஊத்துனீங்களா?" என்று கிண்டல் பண்ணுவாள். அந்த அரைமணி நேரத்துக்காகவே அவருக்குப் பொழுது விடிந்தது.

பிருந்தா எடுத்துக்கொண்டது குப்பைமேனி. சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசுகிற செடிதான். இலையை நிழலில் காயவைத்து, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டினால் சத்து அதில் இறங்கிவிடும். அதில் தோய்த்த காகிதப் பொட்டைக் கிருமி வளரவிட்ட தட்டில் வைப்பாள். பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து எவ்வளவு அகலத்துக்கு வட்டம் விழுகிறதோ, மருந்துக்கு அவ்வளவு வீரியம். அவளே முதலில் பறித்து வந்த இலைக்கு வட்டம் லேசாகத்தான் விழுந்தது. அடுத்த தடவை பறிக்கிற வேலையை ராமதாஸிடம் கொடுத்தாள்.

மருந்துச் செடியைப் புல் பிடுங்குவதுபோலப் பிடுங்க அவருக்குக் கை வராது. தெருப் பிள்ளைகளுக்காக வசுந்தரா பறித்தபோதெல்லாம் எப்படிச் செய்தாளோ அப்படியே செய்தார். குளித்துவிட்டுக் கண்மாய்க்கரைக்குப் போய், செடிக்கு மஞ்சள் கயிறு கட்டி, "உன் உயிரை எடுக்கிறேன், பொறுத்துக்கோ" என்று கும்பிட்டுப் பறித்தார். இலையை மஞ்சள் கரைத்த தண்ணீரில் அலசிக் காயப்போட்டார். இதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்தத் தடவை வட்டம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு விழுந்தது. முதல் இலையில் இல்லாத ஒரு மஞ்சள் புள்ளியும், சத்தைப் பிரித்துப் பார்க்கிற தகட்டில், விளக்கடியில் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் கிருமியைக் கொல்லுகிறது என்றாள் பிருந்தா. பேராசிரியர் அனந்தபத்மநாபன், சென்னையில் நடக்கும் ஆராய்ச்சிக் கூட்டத்தில் இதை வாசிக்கச் சொன்னார். "எல்லாம் உங்க கைராசிண்ணே" என்றாள். ராமதாஸ் அன்றைக்குப் பெருமாள் கோயிலில் தேங்காய் உடைத்தார்.

சென்னைக்குக் கிளம்பும் வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளே அவரிடம் வந்தாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். அந்தப் புள்ளியில அம்மோனியா பட்டா செவப்பாயிருது. மஞ்சத்தூளும் அப்படித்தான் செவக்கும். இலையில எங்கயாச்சும் மஞ்ச பட்டுச்சா?"

"தெரியலையேம்மா" என்று வாய் முந்திக்கொண்டது.

அறைக்குப் போனவர் சோற்றை மூடி வைத்தார். சொன்னால் இந்தப் பிள்ளை முகம் கொடுத்துப் பேசுமா? சொல்லாவிட்டால், நாலு பேர் நடுவில் இல்லாததை இருப்பதாக வாசித்துவிட்டு நிற்குமே. பெருமாள் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

காலையில் அவள் வருவதற்கு முன்பே ஆய்வுக்கூட வாசலில் நின்றார். கயிறு கட்டியது, மஞ்சளில் அலசியது, தெரியாது என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார்.

பிருந்தா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டு முடித்தாள். பிறகு, "இம்புட்டு நாள் வேலையும் போச்சேண்ணே" என்றாள். தமிழில் சொன்னாள்.

"கழுவுறத நான் கூட நின்னு பாத்திருக்கணும். என் தப்புதான்" என்றாள். அதுவும் தமிழில். பேராசிரியரிடமும் அப்படியே சொன்னாள். ராமதாஸ் பேரை எடுக்கவில்லை. சென்னைப் பயணம் நின்றது.

மறுபடி பறிக்க அவளே போனாள். "நீங்க வேணாம்ண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றாள். வெறும் பச்சைத் தண்ணீரில் கழுவிய இலை. வட்டம் பழையபடி லேசாக விழுந்தது. "இது கொஞ்சம்தான். ஆனா இது செடியோடது" என்று பேராசிரியரிடம் சொல்வது ராமதாஸுக்குக் கேட்டது. அவள் சொன்னது சரிதான் என்று அவருக்கும் பட்டது. மத்தியானம் அவள் மற்ற மாணவிகளோடு கேண்டீனுக்குப் போகத் தொடங்கினாள். கோபம் ஒன்றும் காட்டவில்லை. "சாப்பிட்டீங்களாண்ணே" என்று தமிழில் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

ஒருநாள் அவர் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் பிருந்தா செல்போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் என்ன குழம்பு, மாவு அரைத்தாயிற்றா என்கிற பேச்சு, அவர் பாஷையில்.

தண்ணீர்ச் சத்தம் அந்தப் பேச்சை மறைக்காதபடி ராமதாஸ் குழாயை மெல்ல மூடினார். ஈரக் கையோடு அப்படியே நின்றார்.